இடம் பத்தாது

ரீட்டாவைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகைதான். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பவர்கள் ஒரு வகை. அவள் தம்பி ஆரோக்கிய பிரபு இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் தன் தம்பியைத் தவிர வேறொரு ஆள் பிறந்திருக்கவே முடியாது என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அவள் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தாள்.

தேனியில் அவளுக்கு ஒரு மேட்சிங் சென்டர் இருந்தது. சேலைக்கு ஃபால்ஸ், ரவிக்கைக்கு லைனிங், நூல்கண்டு, பட்டன், கொக்கி. கடை என்னவோ ஆட்டோ நுழையாத சந்தில் ஒரே ஓர் அறைதான். ஆனால் அந்த அறைக்குள் ஒரு நூல்கண்டுகூடத் தன் வரிசையை விட்டு நகராது. பச்சை என்றால் ரீட்டாவிடம் ஒரு பச்சை கிடையாது. கிளிப்பச்சை, மாங்காய்ப் பச்சை, வாழைக்குருத்துப் பச்சை, மழைக்குப் பிறகு வருகிற பச்சை என்று அடுக்கி வைத்திருந்தாள். வாடிக்கையாளர் சேலை முந்தியை நீட்டினால் ஒரு பார்வை பார்ப்பாள். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி ஒரு துணியை உருவுவாள். வாசலுக்குப் போய் இரண்டையும் வெயிலில் சேர்த்துப் பிடித்துக் காட்டுவாள். அது பொருந்தாமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

அப்பேர்ப்பட்டவளால் சொந்தத் தம்பிக்கு ஒரு பெண்ணை மேட்ச் பண்ண முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பொறுப்பு அவள் தலையில்தான் இருந்தது. பிரபுவிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கிற தொழில். ஆண்டிபட்டியிலிருந்து கூடலூர் வரைக்கும் அவன் கால் படாத தோட்டம் குறைவு. ஆளும் பார்க்க லட்சணமாக இருப்பான். பூசைக்குத் தவறாமல் போவான், பீடி சிகரெட் கிடையாது. அவனுடைய ஒரே குறைக்கு நாலு சக்கரம் இருந்தது.

அந்தக் காருக்குள் நுழைவது என்றால் சும்மா இல்லை. முதலில் சீட்டில் கிடக்கிற குழாய்ச் சுருளைத் தூக்கிப் பின்னால் போட வேண்டும். பின்னால் இடமில்லாததால் அது திரும்பவும் முன்னால் வந்து விழும். காலடியில் குழாயை இணைக்கிற ஜாயிண்டர்களும் முனையை அடைக்கிற எண்ட் கேப்புகளும் உருண்டுகொண்டு கிடக்கும். டேஷ்போர்டைத் திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. போதாக்குறைக்குத் தோட்டக்காரர்கள் எவரும் அவனை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். ஒருவர் நாலு சுரைக்காய் கொடுப்பார், இன்னொருவர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுப்பார். வாங்கிப் போட்டவன் எடுக்க மறந்துவிடுவான். எது எப்போது வந்தது என்பதை வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போன வரன் அதனால்தான் கெட்டது. போடிப் பக்கம் ஒரு நல்ல குடும்பம், பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் வெள்ளை வேட்டியில் வந்து, "பஸ் ஸ்டாப்புல எறக்கி விட்ருங்க மாப்ள" என்று சொல்லிப் பின் சீட்டில் உட்கார்ந்தார். சீட்டில் கிடந்த சாக்குக்கு அடியில் ஒரு பப்பாளி இருந்தது. அது எந்த மாதத்துப் பப்பாளி என்று பிரபுவுக்கே தெரியாது. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து, தவக்காலம் முடியட்டும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தவக்காலம் முடிந்தது, பாஸ்கா முடிந்தது, மாதா திருவிழாவும் முடிந்தது. சொல்லி அனுப்ப ஆள் வரவில்லை.

இப்போது வந்திருப்பது ராயப்பன்பட்டி வரன். சூசைமுத்து என்று திராட்சை விவசாயி. அவருடைய மகள் இவாஞ்சலின் உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போட்டோ வந்த அன்றைக்குப் பிரபு அதை வாங்கிப் பார்த்தான். வழக்கமாக, "ஒனக்குப் பிடிச்சாச் சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறவன், அன்று போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவன் நின்று, "அக்கா, இது அமைஞ்சா நல்லாருக்கும்" என்றான். ரீட்டாவுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். கூடவே ஒரு பயம். பிறந்ததிலிருந்து தனக்கென்று ஒன்றும் கேட்காத பயல் இப்போதுதான் வாய் திறந்து ஒன்றைக் கேட்டிருக்கிறான். அதை ஒரு பப்பாளிக்குப் பலி கொடுக்க அவள் தயாராக இல்லை.

சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காரின் நாலு கதவையும் விரியத் திறந்தாள்.

மூன்று கூடைகள் வைத்தாள். தூக்கிப் போட வேண்டியது ஒன்று, வைக்க வேண்டியது ஒன்று, இது என்ன என்று ஆண்டவருக்கே தெரியாதது ஒன்று. தூக்கிப் போடுகிற கூடையில் அவள் எதைப் போட்டாலும் பிரபு வந்து எடுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, அது வேணும்."

"ஏலே, இது ஒடஞ்சு போன வால்வு."

"ஒடஞ்சதுல இருந்து வாசர் எடுக்கலாம்ல."

"இந்த ஒத்தச் செருப்பு?"

"அதோட சோடி எங்கயாச்சும் தோட்டத்துலதான் கெடக்கும். பாத்துட்டா எடுத்துக்கிறலாம்."

ரீட்டாவின் கணவன் இமானுவேல் மின்வாரியத்தில் லைன்மேன். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அவன் வேணும்னா வேணும்பான். நீ வேற வழியப் பாரு" என்றான்.

ரீட்டா பார்த்த வேறு வழி டிக்கி. மூன்று கூடையையும் கொண்டுபோய் அதற்குள் கவிழ்த்தாள். குழாய்ச் சுருள், பிளாஸ்டிக் பெட்டிகள், சுரைக்காய், குடை எல்லாவற்றையும் திணித்தாள். மூடி மூடவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். 'டக்' என்று சத்தம் கேட்டபோது அவளுக்கு ஒரு சாம்ராஜ்யத்தையே அடக்கிவிட்ட நிம்மதி வந்தது.

பிறகு உள்ளே புகுந்து தேய்த்தாள், துடைத்தாள், பிரஷை வைத்து ஏசி ஓட்டைகளைக் குடைந்தாள். தானே தைத்த வெள்ளை சீட் கவர்களை மாட்டினாள். சந்தையில் விற்கிற சென்ட் பாட்டில் தலைவலி கொடுக்கும் என்று, சின்னத் துணிப்பையில் ஏலக்காயைத் தட்டிப் போட்டுக் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டாள். டேஷ்போர்டுக்குள் ஆர்.சி. புத்தகமும் ஒரு ஜெபமாலையும் மட்டும் இருந்தன. சாயங்காலம் பிரபு வந்து பார்த்துவிட்டு, "யாரு காருக்கா இது?" என்றான்.

ஞாயிறு பூசை முடிந்து மூன்று பேரும் கிளம்பினார்கள். ஏறும்போதே ரீட்டா காலைத் தட்டச் சொன்னாள். பேப்பரை மடியிலேயே வைத்துக்கொள்ளும்படி இமானுவேலுக்கு உத்தரவு. அவள் மட்டும் பின் சீட்டில், கவர் கசங்கிவிடும் என்று முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து வந்தாள். வீரபாண்டி போனது, சின்னமனூர் போனது. இடது பக்கம் மேகமலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. எதையும் அவள் பார்க்கவில்லை. வளைவுகளில் டிக்கிக்குள்ளிருந்து கடமுட என்று ஒரு சத்தம் வந்தது. அதை மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பெண் பார்க்கிற காரியம் பாலும் தேனுமாகப் போனது. சூசைமுத்து வெடவெடவென்று உயரமாக, பேச்சில் மரியாதையாக இருந்தார். அவர் மனைவி மதலேனாள் வீட்டைக் கண்ணாடியாக வைத்திருந்தாள். ரீட்டா கைகழுவுகிற சாக்கில் அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். டப்பாக்கள் உயரவாரியாக நின்றன. இந்த வீட்டுப் பெண் வந்தால் தம்பி திருந்திவிடுவான் என்று மனசுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

கேசரியும் பஜ்ஜியும் முடிந்து, பிள்ளைகள் இரண்டு பேரும் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பிரபுவின் புதுச் சட்டை முழங்கை வரைக்கும் நனைந்திருந்தது. பந்தலுக்கு அடியில் ஒரு குழாய் ஒழுகியதாம். சட்டைப் பையிலிருந்து ஜாயிண்டரை எடுத்து மாட்டிவிட்டு வந்தானாம். பெண் பார்க்க வருகிறவன் பையில் ஜாயிண்டர் வைத்திருக்கிறானே என்று ரீட்டாவுக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. ஆனால் இவாஞ்சலின் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்ததையும் அவள் பார்த்தாள். பிரபுவின் முகத்தைப் பார்த்தாள். சரி, ஈரம் காய்ந்துவிடும்.

விடைபெற்று வெளியே வந்தார்கள். பிரபு காரைத் திருப்பி நிறுத்தி ஏசியைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். இமானுவேலும் ஏறிவிட்டான். ரீட்டா மட்டும் கடைசியாக மதலேனாளின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுக் காரின் பின்பக்கம் வந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. நினைப்பு என்ன, கண்ணெதிரே வந்துகொண்டிருந்தது.

இந்தப் பள்ளத்தாக்கில் தோட்டம் வைத்திருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் திரும்பும்போது டிக்கி நிறையாமல் விடமாட்டார்கள். தெரிந்த விஷயம்தான். தம்பியின் காரே அதற்குச் சாட்சி. அது எப்படியோ அவளுக்கு அதுவரை நினைவுக்கு வரவில்லை. இரண்டு வேலையாட்கள் பன்னீர்த் திராட்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக டிக்கியைப் பார்த்து வந்தார்கள். கருகருவென்று, இலைகூட வாடாத, அன்றைக்குப் பறித்த பழம்.

ரீட்டா இரண்டு கையையும் பின்னால் விரித்து டிக்கியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கண் முழுக்கத் திராட்சைப் பெட்டி மேலேயே இருந்தது. அதே நேரத்தில் சூசைமுத்து பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தனை நேரமாகக் கேட்கக் கூசிய கேள்வியைக் கேட்டார்.

"எப்பிடித் தாயி, எடம் சரியா இருக்குமா?"

"இல்லைங்கய்யா" என்றாள் ரீட்டா. "எடம் பத்தாது."

சூசைமுத்து குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "பத்தாதா?" என்றார்.

"தப்பா எடுத்துக்கிறாதீக. வரும்போதே எனக்குத் தெரியும், எடம் பத்தாதுன்னு. வெளிய சொல்லல."

மதலேனாள் முன்னால் வந்தாள். "எங்க பக்கம் என்னமும் கொறையிருந்தா..."

"ஒங்க பக்கம் ஒரு கொறையும் இல்ல. கண்ணுல ஒத்திக்கிறலாம் போலத்தான் இருக்கு. ஆனா இந்தப் பருவத்துல ரொம்ப நாளு வச்சிருக்க முடியாதுல்ல, கெட்டுப்போகும். இங்கனயே அக்கம்பக்கத்துல யாருக்காச்சும் சட்டுன்னு குடுத்துருங்க."

பெட்டி தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சூசைமுத்து கையைக் காட்டி அதைக் கீழே வைக்கச் சொன்னார். "சரி தாயி. மனசுல பட்டதச் சொல்லிட்டீக. போய்ட்டு வாங்க" என்றார். வாசலில் நின்றிருந்த இவாஞ்சலின் சட்டென்று உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்று ரீட்டா நினைத்துக்கொண்டாள்.

கார் கிளம்பியது. உத்தமபாளையம் ரோட்டில் ஏறும் வரை ரீட்டா தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வந்தாள். "திராட்சப் பெட்டிய நேரா டிக்கிக்கே தூக்கிட்டு வந்துட்டாக. எப்பிடியோ சமாளிச்சு அனுப்பிட்டேன். இல்லேன்னா மானம் போயிருக்கும்" என்றாள். பிரபு ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பாட்டு முணுமுணுத்து அவள் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

அப்போது அவனுடைய போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. தோட்டத்தில் நம்பர் மாற்றிக்கொண்டார்கள் போலிருக்கிறது. "அவதான். படிச்சுச் சொல்லுங்க மச்சான்" என்று போனை இமானுவேலிடம் நீட்டினான். இமானுவேல் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தான்.

"உங்க அக்கா சொன்ன மாதிரியே அக்கம்பக்கத்துல யாருக்காவது குடுத்துருவாக. நாளானா நான் கெட்டுப்போயிருவேனாம்ல. போய்ட்டு வாங்க."

ஸ்டியரிங்கில் பிரபுவின் தாளம் நின்றது.

இமானுவேல் மெதுவாகத் திரும்பினான். "ரீட்டா, அந்தாளு ஒங்கிட்ட என்ன கேட்டாரு?"

"எடம் சரியா இருக்குமான்னு கேட்டாரு."

"நீ?"

"பத்தாதுன்னேன்."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நல்ல இடம், பெரிய இடம், இடம் அமையவில்லை. தம்பிக்கு வரன் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் வாயில் அந்த ஒரு சொல்தானே புழங்கியது. போடிக்காரர்களைப் பற்றிக்கூட, நல்ல எடம், கை நழுவிப் போச்சு என்றுதான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள். அதே சொல்லை அவர் கேட்டபோது அவள் புத்தி டிக்கிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. வரும்போதே தெரியும் என்றாளே. கெட்டுப்போகும் என்றாளே. யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று, பெற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாளே.

பிரபு காரை ஓரங்கட்டினான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நெல்வயல் தளதளவென்று நின்றது. அவன் திட்டவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ரீட்டா தாங்கியிருப்பாள். வெள்ளை சீட் கவரில் கண்ணீர் சொட்டியது. அதை அவள் கவனிக்கவில்லை.

"திருப்புடா" என்றாள்.

"போய் என்னக்கா சொல்றது?"

"நெசத்தச் சொல்றது."

"நெசத்தச் சொன்னா நம்புற மாதிரியா இருக்கு?" என்றான் இமானுவேல். "டிக்கியில ஒரு பெட்டிக்கு எடமில்லேன்னா எவன் நம்புவான்?"

ரீட்டா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "காமிச்சா நம்புவாகல்ல" என்றாள்.

அவர்கள் திரும்பிப் போனபோது சூசைமுத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திராட்சைப் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. மதலேனாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். காரைப் பார்த்ததும் அவர் எழுந்தார், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை.

ரீட்டா நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே பொய்யாகக் கேட்டது. சூசைமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாயி, பிடிக்கலேன்னா பிடிக்கல. அதுல தப்பில்ல. திரும்பி வந்து டிக்கி மேல பழியப் போடுறீக பாருங்க, அதுதான் எனக்குச் சங்கடமா இருக்கு. இம்புட்டுச் சுத்தமா கார வச்சிருக்கிற ஆளுக டிக்கியில எடமில்லேன்னா எப்பிடி?" என்றார்.

சுத்தமான கார். வாழ்நாளில் முதன்முறையாக அந்தப் பாராட்டு ரீட்டாவைச் சுட்டது.

"பிரபு, சாவியக் குடு" என்றாள்.

"அக்கா, வேணாம்."

"குடுலே."

டிக்கியைத் திறந்தாள். நேற்று தன் எடையை வைத்து அமுக்கி மூடியது, அவள் கையை எடுப்பதற்குள் தானே மேலே எகிறியது. முதலில் குழாய்ச் சுருள் அவிழ்ந்து தாவி விழுந்தது. அதன் பின்னாலேயே ஜாயிண்டர்கள் படபடவென்று கொட்டி, வாசலெங்கும் கோழிக்குஞ்சு மாதிரி ஓடின. ஒற்றைச் செருப்பு வந்தது, கம்பி உடைந்த குடை வந்தது, போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் ஸ்டார் வந்தது. குருத்து ஞாயிறன்று முடைந்த ஓலைச் சிலுவை காய்ந்து வந்தது. கடைசியாக ஒரு தேங்காய் உருண்டு வந்து சூசைமுத்துவின் காலடியில் நின்றது. அது முளைத்திருந்தது. ஒரு முழ உயரத்துக்குக் குருத்து விட்டு, நட்டால் அடுத்த மழைக்குப் பிடித்துக்கொள்ளும் என்கிற பருவத்தில் இருந்தது.

ரீட்டா தலையைக் குனிந்து நின்றாள். மேட்சிங் சென்டர் ரீட்டா, கலைந்த நூல்கண்டைப் பார்த்தால் தூக்கம் வராத ரீட்டா, தன் வீட்டு அலங்கோலத்தை ஊரார் வாசலில் தானே கொட்டிவிட்டு நின்றாள். "இதுதாங்கய்யா எடமில்லாத எடம்" என்றாள். "ஒங்க எடத்துக்கு ஒரு கொறையும் இல்ல. எங்க எடத்தோட கொற இதுதான். மறைக்கணும்னு நெனச்சேன். அதான் வாய் கொளறிருச்சு."

சூசைமுத்து அவளைப் பார்க்கவில்லை. டிக்கிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, சுரைக்காய்களை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பெட்டியை உருவினார். பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு சின்னச் சிலுவை, அதன் கீழே 'சூ.மு.' என்று எழுத்து.

"ஏலே, இது நம்ம பெட்டியாச்சே" என்றார் வேலையாட்களிடம்.

பிரபுவுக்கு வியர்த்தது. "கூடலூர்ல ஒருத்தரு கொய்யா போட்டுக் குடுத்தாருங்க. திருப்பிக் குடுக்கணும்னுதான்..."

"போன வருசம் தேனி மார்க்கெட்டுக்குப் பழத்தோட போன பெட்டி. யார் யார்ட்டயோ கேட்டுட்டேன், பாக்கலேன்னு சத்தியம் பண்ணுனாக." சூசைமுத்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மீசை ஆடியது. முதலில் கோபம் என்றுதான் ரீட்டா நினைத்தாள். பிறகு அந்த நெட்டை மனிதர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியே மதலேனா, வெளிய வாடி. நாம இன்னைக்குத்தான் பொண்ணு குடுக்கலாமான்னு யோசிக்கிறோம். சீரு போன வருசமே மாப்ள வீட்டுக்குப் போயிருச்சு."

மதலேனாளும் சிரித்தாள், வேலையாட்களும் சிரித்தார்கள். எப்போதும் பேப்பருக்குள் இருக்கிற இமானுவேல் காரின் கூரையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ரீட்டாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் பார்வை வாசற்படியில் நின்றது. இவாஞ்சலின் அங்கே வந்து நின்று, வாசலெங்கும் சிதறிக் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரு, எந் தம்பி தங்கமான பய" என்றாள் ரீட்டா அவசரமாக. "இது ஒண்ணுதான். கல்யாணத்துக்குப் பெறகும் நானே வாரா வாரம் வந்து இதச் சுத்தம் பண்ணிக் குடுத்துர்றேன். நீங்க இதத் தொடக்கூட வேணாம்."

இவாஞ்சலின் படியிறங்கி வந்தாள். வீட்டுப் பக்கவாட்டுக்குப் போய்த் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கார் டிக்கிக்குப் பக்கத்தில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினாள்.

"அடியே, வேணாம்டி" என்றாள் மதலேனாள் பதறிப்போய். "நல்லநாளும் பொழுதுமா அதத் தொறந்து வைக்காத."

இவாஞ்சலின் சீட்டைத் திறந்தாள்.

மேலே ஒரு மழைக்கோட்டு, அதற்குள் சுருட்டி வைத்த விடைத்தாள்கள். அதற்கும் கீழே பிள்ளைகளிடம் பிடுங்கிய சரக்கு: பம்பரம், கோலிக்குண்டு, ரப்பர் பல்லி, தலையில்லாத ஒரு பொம்மை. சாக்பீஸ் தூள் எல்லாவற்றின் மேலும் பனிபோலப் படிந்திருந்தது. ஒற்றைத் தோடு ஒன்று கிடந்தது. மூலையில் ஒரு டிபன் பாக்ஸ். அதைத் திறக்கிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

"வீடு அம்மாவோடது. இதுதான் நான்" என்றாள் இவாஞ்சலின். "அந்தத் தோட்டுக்குச் சோடி எங்கனயோதான் கெடக்கு. கெடச்சாப் போட்டுக்கிறலாம்னு வச்சிருக்கேன்."

பிரபு தன் ஒற்றைச் செருப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

ரீட்டா ஸ்கூட்டருக்குள் பார்த்தாள், டிக்கிக்குள் பார்த்தாள். திரும்பவும் ஸ்கூட்டருக்குள் பார்த்தாள். எத்தனை முந்தானைகளை, எத்தனை துணிகளை வெயிலில் சேர்த்துப் பிடித்துப் பார்த்த கண் அது. சாயங்கால வெயில் இரண்டின் மேலும் ஒரேமாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. உலகத்தின் இரண்டாம் வகையில் இன்னொரு ஆளும் இருக்கத்தான் செய்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளாகத் தம்பியைத் திருத்துகிறவளைத் தேடித்தான் அலைந்தோம் என்பதும் புரிந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சூசைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "இப்பச் சொல்லு தாயி. எடம் பத்துமா?"

"பத்தும்யா" என்றாள் ரீட்டா. "கல்யாண ஓலைக்குச் சொல்லிருங்க. இன்னாருக்கு இன்னாருன்னு சாமியாரு கோயில்ல வாசிக்கட்டும்."

கொட்டியதை எல்லாம் திரும்ப அள்ளிப் போட்டார்கள். டிக்கி மூடியது என்று சொல்ல முடியாது, கயிறு போட்டுக் கட்டினார்கள். அதிலும் கொள்ளாதது பின் சீட்டை நிறைத்தது. முளைத்த தேங்காயை மட்டும் சூசைமுத்து கொடுக்கவில்லை, வீட்டுக்குப் பின்னால் நடப்போவதாகச் சொல்லிவிட்டார். அப்போதும் அந்தத் திராட்சைப் பெட்டி மிச்சம் இருந்தது. எங்கே வைப்பது என்று எல்லாரும் விழித்தபோது ரீட்டா பின் சீட்டில் ஒதுங்கி உட்கார்ந்து மடியைக் காட்டினாள்.

சின்னமனூரைத் தாண்டும்போது ஒரு குழியில் கார் ஏறி இறங்கியது. பெட்டியின் அடியிலிருந்து சாறு கசிந்து, அவள் மடியிலிருந்து வழிந்து, வெள்ளை சீட் கவரில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் பரவியது. பிரபு கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

"அக்கா, கறை."

"கெடக்கட்டும்டா" என்றாள் ரீட்டா.

முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு ஒரு கொத்தை எடுத்தாள். ஒரு பழத்தை வாயில் போட்டுக் கடித்தாள். அப்படி ஒரு இனிப்பு. விதைகளைக் கையில் துப்பிக்கொண்டு எங்கே போடுவது என்று ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கதவுப் பையைத் திறந்து அதற்குள் போட்டுவிட்டு, அடுத்த பழத்தை எடுத்தாள்.